ஆயிரத்தில் அறுபத்தொன்பது குறைச்சல்

கம்ப்யூட்டர் சாமான் விற்கிற தொழிலில் கெட்டுப்போன பொருளை விற்றுவிட்டால்கூடத் தப்பித்துவிடலாம், மாற்றிக் கொடுத்தால் முடிந்தது. நல்ல பொருளை விற்றுவிட்டு அது நல்ல பொருள்தான் என்று நிரூபிப்பது இருக்கிறதே, அதுதான் உயிரை எடுக்கும். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொழிலில் இல்லாதவர்களும் ஒதுங்கிப் போக முடியாது. ஆசையாக ஒரு பென் டிரைவ் வாங்கி, அட்டையில் 64 என்று போட்டிருக்க, வீட்டில் செருகிப் பார்த்தால் ஐம்பத்தெட்டு சொச்சம் காட்டி வயிறு எரிந்தவர்கள் எல்லோரும் நம்ம ஆட்கள்தான். வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து புலம்புவோம்.

சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டை ஒட்டின தெருவில் பன்னிரண்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், மெமரி கார்டு விற்பதும், பழைய டிஸ்க்கில் இருப்பதைப் புதிசுக்கு மாற்றிக் கொடுப்பதும் வேலை. போர்டில் என்னவோ இங்கிலீஷில் எழுதியிருக்கிறது, அதை யாரும் படித்ததில்லை. இந்த ஊரில் தெருவுக்கு நாலு கோமதி உண்டு. அதில் ‘கம்ப்யூட்டர் கோமதி’ என்று தனியாகத் தெரிவதற்கே எனக்குப் பத்து வருடம் ஆனது. கடைக்கு முதல் என்று சொன்னால் அந்தப் பெயர்தான். அதற்குத்தான் போன வருடம் வேட்டு வைத்தார்கள்.

சாக்குக் கழிவு

மாடசாமி அண்ணாச்சி திருவேங்கடத்தில் தானிய மண்டி வைத்திருக்கிறார். உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம் என்று அந்தக் கரிசல் காட்டில் விளைவதில் பாதி அவர் தராசில் ஏறி இறங்கித்தான் வெளியூர் போகும். மண்டியில் மாட்டியிருந்த கேமராவின் பதிவுகளைச் சேர்த்து வைக்க என்னிடம் ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்க் வாங்கினார். ஒரு டி.பி. என்றால் ஆயிரம் ஜி.பி. அண்ணாச்சி, வருடக்கணக்கில் தாங்கும் என்று நான்தான் வாய் ஓயாமல் சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்குகிறேன், டிஸ்க்கும் கையுமாக வாசலில் நிற்கிறார். கம்ப்யூட்டரில் போட்டால் 931 காட்டுகிறதாம்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மண்டியில் மூட்டையை எடை போட்டால் சாக்கின் எடை, ஈரம், தூசி என்று கொஞ்சம் கழிப்பார்கள். அது வழக்கம், விவசாயிக்கும் தெரியும். அதே மாதிரி நானும் டிஸ்க்கில் கழிவு பிடித்திருக்கிறேன் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பிடித்ததில்கூட அவருக்கு அவ்வளவு வருத்தம் இல்லை, சொல்லாமல் பிடித்ததுதான் வருத்தம்.

டிஸ்க் செய்கிற கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணி அட்டையில் போடுகிறது, விண்டோஸ் ஆயிரத்து இருபத்து நாலு, ஆயிரத்து இருபத்து நாலாக எண்ணித் திரையில் காட்டுகிறது, இரண்டு பேரும் அதற்கு ஜி.பி. என்று ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள், உள்ளே இருக்கிற இடம் ஒன்றுதான் என்று காகிதத்தில் வகுத்துக் காட்டினேன். அவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டிஸ்க்கை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: “நானும் சாக்குக்குன்னு கழிக்கத்தாம்மா செய்யுதேன். ஆனா கழிக்குதேன்னு சொல்லிட்டுக் கழிப்பேன். அதுவும் நூத்துக்கு ஏழு கழிக்கிற மண்டிய நான் இந்தப் பக்கத்துல பாத்ததே இல்ல.”

எந்த ஆபீஸ் முத்திரை?

அன்று மதியமே வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் அண்ணாச்சி போட்டுவிட்டார். ‘ஆயிரம் என்று எழுதிய டிஸ்க்கில் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றுதான் இருக்கிறது. வாங்குகிறவர்கள் பார்த்து வாங்கவும்.’ கடையின் பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. டிஸ்க் என்றால் இந்த வட்டாரத்தில் யாருக்கும் முதலில் என் கடைதான் ஞாபகம் வரும், இத்தனை நாள் அதில் எனக்குப் பெருமை வேறு. கீழே வரிசையாகக் கும்பிடும் கட்டை விரலும் விழுந்தன. ஒருவர் மட்டும் தராசுப் படம் போட்டிருந்தார்.

சாயங்காலம், பள்ளிக்கூடத்துக்கு முப்பது பென் டிரைவ் கேட்டிருந்த தாளாளர் போன் செய்தார். இப்போதைக்கு வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார், காரணம் சொல்லவில்லை. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அழுது முடித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். யார் வந்து கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், விளங்குகிற மட்டும் சொல்லாமல் ஒருத்தரையும் படி இறங்க விடுவதில்லை.

மறுநாள் முதல் ஆளாக வந்தவர் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறவர். அரை மணி நேரம் ஆயிரத்தையும் ஆயிரத்து இருபத்து நாலையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார், தலையை ஆட்டினார், எனக்கு நம்பிக்கை வந்தது. எழுந்து போகும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: “எந் தராசுக்கு வருசா வருசம் ஆபீஸ்ல கொண்டுபோய் முத்திர வைக்கேன். படிக்கல்லுக்கும் முத்திர இருக்கு. இந்த டிஸ்க்குக்கு எந்த ஆபீஸ்ல முத்திர வைக்காங்க, அத மட்டும் சொல்லுங்க.”

யோக்கியமான மிஷின்

சொல்லி விளங்கவில்லை என்றால் காட்டிவிட வேண்டியதுதான் என்று தோன்றியது. விசைத்தறிச் சேலைக்கு டிசைன் வரைந்து கொடுக்கிற கணேசன் என்று ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் மேக் லேப்டாப் இருக்கிறது. அந்த மேக்கும் டிஸ்க் கம்பெனி மாதிரியே ஆயிரம் ஆயிரமாகத்தான் எண்ணும். ஒரு நாளைக்கு அதைக் கடன் வாங்கி, என் விண்டோஸ் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரே டிஸ்க். இந்தப் பக்கம் செருகினால் 931, அந்தப் பக்கம் செருகினால் ஆயிரம். கீழே பைட் கணக்கில் பதின்மூன்று இலக்கத்தில் ஓர் எண் வரும், அது இரண்டிலும் ஒன்று போலவே இருக்கும். எடுத்து, செருகி, எடுத்து, செருகி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வித்தை காட்டினேன்.

கூட்டம் சேர்ந்தது. டீ வாங்க வந்தவர்கள் டம்ளரோடு வந்து நின்றார்கள். பதின்மூன்று இலக்கத்தை ஒருத்தரும் படிக்கவில்லை. ஆனால் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். குறைவது டிஸ்க்கில் இல்லை, என் கம்ப்யூட்டரில்தான். டிஸ்க் விஷயத்தில் சந்தேகம் தீர்ந்தது, கம்ப்யூட்டர் விஷயத்தில் புதிதாகச் சந்தேகம் பிறந்தது. எதிர்க் கடை ஜெராக்ஸ்காரர் என் நன்மைக்காகவே பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “கணேசன் மிஷினையே நீங்க வெலைக்கு வாங்கிருங்க மேடம். ஒங்க மிஷின்ல போட்டாத்தான கொறையுது, அத எதுக்குத் தெறந்து வச்சு எல்லாருக்கும் காட்டுதீங்க?”

பதினோரு குறுக்கம்

மூலம் மாடசாமி அண்ணாச்சி. அவருக்கு விளங்காமல் ஊருக்கு விளங்கி என்ன பயன் என்று ஒரு செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டு டவுன் பஸ் ஏறித் திருவேங்கடம் போனேன். என் வீட்டுக்காரர், போகிற இடத்தில் சண்டை போட்டுவிட்டு வராதே என்று போனில் சொன்னார். சண்டைக்குத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மண்டியில் அண்ணாச்சி ஒரு விவசாயியிடம் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு முக்காலியைக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். அந்த விவசாயி பதினோரு குறுக்கத்தில் மக்காச்சோளம் போட்டிருப்பதாகச் சொன்னார். அந்தப் பக்கத்துக் கரிசல் நிலத்தைப் பேச்சில் குறுக்கம் குறுக்கமாகத்தான் சொல்வார்கள். குறுக்கம் என்பது ஏக்கரைவிடக் கொஞ்சம் சின்னது, பத்திரத்தில் ஏக்கர்தான் இருக்கும். அண்ணாச்சி கேட்டுக்கொண்டே தன் நோட்டில் பத்து ஏக்கர் என்று எழுதினார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. விவசாயி போகும் வரைகூட எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணாச்சி, அவரு பதினோரு குறுக்கம்ங்காரு. நீங்க பத்துன்னு எழுதுதீங்க. மிச்சம் ஒண்ண யாரு கழிச்சா?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் டிஸ்க்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அட்டைக்காரன் குறுக்கத்தில் எண்ணுகிறான், கம்ப்யூட்டர் ஏக்கரில் எண்ணுகிறது, நிலம் அதே நிலம் என்பது அவருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. ஊர்ப் பேச்சில் டிஸ்க் கதையைக் கேட்டிருந்த அந்த விவசாயிக்குக்கூட விளங்கியது, அவர் சிரித்தார். அப்படியானால் குழுவில் போட்டதை எடுத்துவிட்டு, சரியென்று ஒரு வரி போடுங்கள் என்றேன். அண்ணாச்சி என்னை உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்: “எட சரிதாம்மா, ஒத்துக்கிடுதேன். ஆனா போட்டது தப்புன்னு என்னால சொல்ல முடியாது. இன்னிக்கு ஒண்ணத் தப்புன்னு சொல்லிட்டா, நாளைக்கு நான் சொல்லுத எடைய எவன் நம்புவான்?”

இருபதாயிரம் ஜாதகம்

சண்டையில் ஜெயித்தும் ஜெயிக்காமலும் திரும்பி வந்தேன். அதன் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் குறுக்கத்தையும் ஏக்கரையும் வைத்தே அடித்தேன், நன்றாக எடுபட்டது. இதற்குள் கல்யாணத் தரகர் ஒருவர் வேறொரு குறைச்சலோடு வந்தார். இருபதாயிரம் ஜாதகத்தைத் தனித்தனி ஃபைலாக ஒரு பென் டிரைவில் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் மூன்று கே.பி.தான், எல்லாம் சேர்த்தால் அறுபது எம்.பி. என்று ஒரு வரி சொல்கிறது. அடுத்த வரியோ, டிஸ்க்கில் பிடித்திருக்கிற இடம் இரண்டரை ஜி.பி. என்கிறது. இதில் எதை நம்புவது என்று கேட்டார்.

குறுக்கம் இங்கே உதவாது. கல்யாணத் தரகர் என்பதால் உதாரணத்துக்கு மண்டபத்தைப் பிடித்தேன். எட்டுப் பேர் வருகிற நிச்சயதார்த்தம் என்றாலும் மண்டபத்தை முழுசாகத்தான் வாடகைக்கு விடுவான், மூலையில் ஒரு பாய் விரிக்கிற இடத்தை மட்டும் தரமாட்டான். பென் டிரைவும் அப்படித்தான், மூன்று கே.பி. ஜாதகம் வந்தாலும் அதற்கென்று ஒரு முழு அறையை ஒதுக்கிவிடும், மிச்ச இடத்தில் வேறு ஜாதகத்தை உட்கார விடாது. முதல் வரி ஆட்களை எண்ணுகிறது, இரண்டாவது வரி அறைகளை எண்ணுகிறது. சொல்லி முடித்ததும் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. தரகர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்துவிட்டுச் சொன்னார்: “அப்ப செவ்வா தோசத்த எல்லாம் ஒரே ஃபைலாக் கட்டிருங்க. அதுகளுக்கு எதுக்குத் தனித்தனி ரூம்பு, எப்பிடியும் அதுகளுக்குள்ளதான முடிக்கணும்.”

நாற்பத்தொரு கேசட்

மூன்று மாதத்தில் நான் இந்த விஷயத்தில் வக்கீல் மாதிரி ஆகிவிட்டேன். வாசலில் நிழல் தட்டினாலே பதிலை ஆரம்பித்துவிடுவேன். பள்ளிக்கூடத் தாளாளர்கூட மறுபடி போன் செய்து விலை கேட்டார். ஊர் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் கடையநல்லூரில் இருந்து ஜமீலா வந்தாள்.

ஜமீலாவின் வாப்பா ஜித்தாவில் பல வருடம் வேலை பார்த்தவர். போன் எட்டாத அந்தக் காலத்தில், சொல்ல வேண்டியதையெல்லாம் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்து அனுப்புவாராம். அப்படி வந்தவை நாற்பத்தொன்று. வாப்பா காலமான பிறகு ஜமீலா ஒவ்வொன்றாக ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, தம்பியின் டிஸ்க்கில் மற்ற குடும்பப் படங்களோடு வைத்திருந்தாள். ஏற்றி முடித்த கேசட்டுகளை, நாடா பூசணம் பிடித்துப் போயிற்று என்று தூரப் போட்டாயிற்று. தம்பி கத்தாரில் வேலை பார்க்கிறான், வெள்ளிக்கிழமை விமானம், அவனுக்கு அந்த டிஸ்க் காலியாக வேண்டும். எல்லாவற்றையும் ஒரு புது டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, பழையதைத் துடைத்துக் கொடுக்க வேண்டும் என்று என்னிடம் விட்டுப் போனாள். காப்பி ஓடிக்கொண்டிருந்தபோது திரையில் ஒரு கட்டம் வந்தது, சில ஃபைல்களின் பெயர் மிக நீளம், விட்டுவிட்டு மேலே போகவா என்று. நான் அப்போது கல்லாவில் நின்ற ஒருவருக்குக் குறுக்கத்தையும் ஏக்கரையும் விளக்கிக்கொண்டிருந்தேன். கை நீட்டி, எல்லாவற்றுக்கும் இப்படியே செய் என்கிற கட்டத்தையும் சேர்த்துத் தட்டிவிட்டு, விளக்கத்தைத் தொடர்ந்தேன்.

வியாழக்கிழமை ஜமீலா வந்தபோது பழைய டிஸ்க்கைத் துடைக்கத் தயாராக வைத்திருந்தேன், பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. அவள் புது டிஸ்க்கைப் பார்த்தாள், 398 என்று இருந்தது. தம்பியின் மேக்கில் 430 இருந்ததே அக்கா என்றாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த 430 இங்கே நானூறுக்குப் பக்கத்தில்தான் காட்டும் என்று ஆரம்பித்து முழுசாகச் சொன்னேன். நானூறா, முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டா என்று கேட்டாள். ஒன்று இரண்டு முன்னே பின்னே இருக்கும் என்றேன். அப்படிச் சொன்னது நான்தான். இரண்டு டிஸ்க்கையும் என் ஒரே கம்ப்யூட்டரில் அடுத்தடுத்துப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும், அதைக்கூடச் செய்யவில்லை. துடைத்துவிடவா என்றேன். கொஞ்சம் பொறுங்கள் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விரலைத் திரையில் வைத்து ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தாள். இவளும் என்னை நம்பவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. இரண்டு தடவை எண்ணினாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: “ஜி.பி. மிஷினுக்கு மிஷின் மாறும்னீங்க, சரிக்கா, நம்புதேன். நாப்பத்தொரு கேசட் எந்த மிஷின்ல போட்டாலும் நாப்பத்தொண்ணாத்தான இருக்கணும்? இதுல முப்பத்திரெண்டுதான் இருக்கு.”

நீளமான பெயர்கள்

துடைக்கும் கட்டத்தை மூடப் போனேன். மவுஸ் அம்புக்குறி ‘ஆம்’ என்பதன் மேலேயே நின்றுகொண்டிருந்தது, அதை நகர்த்தவே பயமாக இருந்தது. வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அவள் எண்ணாமல் போயிருந்தால் அந்த ஒன்பதும் இந்த உலகத்திலேயே இல்லாமல் போயிருக்கும், நான் அடுத்த ஆளுக்குக் குறுக்கத்தை விளக்கிக்கொண்டிருப்பேன்.

விடுபட்டது ஒன்பதும் பெயர் நீளமானவை. ஜமீலா கேசட்டை ஏற்றும்போது உம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அதையெல்லாம் ஃபைலின் பெயராகவே எழுதியிருக்கிறாள். ‘வாப்பா ஜித்தாவிலிருந்து முதல் பெருநாளைக்குப் பேசி அனுப்பியது, உம்மா கையில் கிடைத்த அன்று நல்ல மழை’ என்று ஒன்று இருந்தது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக வைத்து, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் இதே போல் ஒரு நீளப் பெயர். எல்லாம் சேர்ந்து என் கம்ப்யூட்டர் தாங்குகிற நீளத்தைத் தாண்டிவிட்டது. அவசரத்தில் எனக்குத் தோன்றிய வழி, பெயரைச் சுருக்கி ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டுவிடுவது. ஜமீலா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்: “பேரக் கொறைக்காதீங்கக்கா. அதுவும் சேத்துத்தான் கேசட்டு.”

சரி என்று, ஒன்றுக்குள் ஒன்றாக இருந்த ஃபோல்டர்களை மட்டும் கழற்றித் தனித்தனியாக வைத்துவிட்டு, பெயரில் ஓர் எழுத்தும் குறையாமல் ஒன்பதையும் கொண்டுவந்து சேர்த்தேன். இருவரும் சேர்ந்து எண்ணினோம், நாற்பத்தொன்று. ஒன்றை ஓட்டிப் பார்த்தோம். பேச்சுக்கு முன்னால் அந்த மனிதர், ‘கேக்குதா, கேக்குதா’ என்று மைக்கைத் தட்டித் தட்டிக் கேட்டார். ஜமீலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன்.

குழுவில் நான் போட்டது

போகும்போது ஜமீலா, இதை யாரிடமும் சொல்லமாட்டேன் அக்கா, உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிற கஷ்டம் போதும் என்றாள். வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். இப்போதுதான் ஊர் வாயை மூடியிருக்கிறது, நீயாகத் திறந்துவிடாதே என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் மூன்று மாதமாக எத்தனையோ பேருக்குக் காப்பி எடுத்துக் கொடுத்திருக்கிறேன், குறைகிறதே என்று கேட்டவர்கள் வாயையெல்லாம் நான்தான் அடைத்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் ஜமீலா மாதிரி உட்கார்ந்து எண்ணியிருப்பார்களா? அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

கடையில் உட்கார்ந்து வியாபாரிகள் குழுவில் எழுதினேன். ‘என் கடையில் காப்பி எடுத்த ஒரு டிஸ்க்கில் ஒன்பது பதிவுகள் நிஜமாகவே குறைந்தன. தப்பு டிஸ்க்கினுடையது அல்ல, என்னுடையது. மூன்று மாதத்துக்குள் என்னிடம் காப்பி எடுத்தவர்கள் பழையது, புதியது இரண்டையும் கொண்டு வாருங்கள். ஒரே கம்ப்யூட்டரில் வைத்து, எண்ணிக்கை பார்த்துத் தருகிறேன். பழையதை அதுவரை துடைக்க வேண்டாம். கோமதி.’ அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். போயிற்று, பன்னிரண்டு வருடம் போயிற்று என்றே நினைத்தேன்.

அடுத்த நாலு நாளில் பதினொரு பேர் வந்தார்கள். ஒன்பது பேருக்கு எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு பேருக்குக் குறைந்தது, ஒருவருக்கு மகள் சடங்குப் படங்கள், இன்னொருவருக்குத் தறி டிசைன்கள். நல்ல வேளையாக இருவரிடமும் பழையது அப்படியே இருந்தது. பனவடலிசத்திரத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒருவர், எல்லாம் சரி என்று தெரிந்ததும், சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லி ஒரு மெமரி கார்டு வாங்கிக்கொண்டு போனார். ஐந்தாம் நாள் குழுவில் மாடசாமி அண்ணாச்சியின் குரல் பதிவு வந்தது. கேட்பதற்கு எனக்குத் தைரியம் இல்லாமல் வீட்டுக்காரரிடம் போனைக் கொடுத்தேன், அவர் சத்தமாகவே வைத்தார்: “அந்தம்மா மூணு மாசமா சரி, சரின்னு சொன்னப்ப எனக்கு நம்பிக்க வரல. அஞ்சு நாளைக்கி முன்ன தப்புன்னு சொல்லிச்சுல்லா, அன்னிக்கி வந்திட்டு. அந்த தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணும் சரியாத்தான் இருந்துது, நான் போட்டதுதான் தப்பு.”

ஆக, சரியாகச் சொன்ன நூறு விளக்கத்தில் வராத பெயர் தப்பாகத் தட்டின ஒரு பொத்தானில் வந்து சேர்ந்தது என்றால், இந்த ஊர் எந்தக் கணக்கில் எண்ணுகிறது என்பதை எனக்கு விளக்கத்தான் இன்னும் யாரும் படி ஏறி வரவில்லை.